மேசை மேல் விழுந்த மணல்

அந்தமானில், போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில், எங்கள் வீட்டின் பின்னறையில், கட்டில் போட வேண்டிய இடத்தில், ஒட்டுப்பலகையில் செய்த பெரிய மேசை ஒன்று இருந்தது. அதன் மேல் ஒரு ஆறு, ஆற்றின் இரு பக்கமும் குன்றுகள், இடிந்த கோட்டை ஒன்று, கோட்டைக்குப் பின்னால் தென்னந்தோப்பு. இவற்றுக்கு நடுவே கட்டைவிரல் உயரத்தில் மனிதர்கள். ஈட்டிக்காரர்கள், வில்லாளிகள், யானை மேல் உட்கார்ந்த தளபதிகள். எல்லாரையும் நான்தான் வரவழைத்து, துண்டு துண்டாக ஒட்டி, வண்ணம் பூசி நிறுத்தியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என் பள்ளிக்கூடத் தோழன் வருவான். பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறான். அவனுடையது கீழக்கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்த குடும்பம். என் அப்பா அரசாங்க வேலைக்காக ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறியவர். அவன் என்னை மாப்ள என்பான், நான் அவனை பாய் என்பேன். அவனுடைய குதிரைப்படை எவர்சில்வர் டிபன் டப்பாக்களில், பஞ்சுக்கு நடுவே படுத்தபடி வரும். அளவு நாடா, பகடை, விதிப்புத்தகம் ஆகியவற்றை மேசை ஓரத்தில் அடுக்கிவிட்டுப் போர் விளையாட்டை ஆரம்பிப்போம். ஒரு குதிரை எத்தனை அங்குலம் பாயலாம், மேட்டுக்குப் பின்னால் நிற்கிறவனை வில்லாளியால் பார்க்க முடியுமா என்றெல்லாம் தலை நரைத்த இரண்டு பேர் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து விவாதிப்பதை என் மனைவி வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவாள்.

அந்த வருடம் படையைப் பெருக்குவது என்று முடிவு செய்திருந்தேன். தீவில் இது எளிதல்ல. பொம்மைகள் விமானத்தில் வந்துவிடும். வண்ணமும் பசையும் வராது, தீப்பிடிக்கும் திரவம் என்று கூரியர்காரர்கள் எடுக்க மாட்டார்கள். அவை தோழனின் கடைச் சரக்கோடு சென்னையிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். கப்பல் தாமதமானால் என் போர்வீரர்கள் பாதி உடம்பு வண்ணத்தோடு காத்துக் கிடப்பார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. எந்தப் பெட்டி எப்போது வரும், எது முதலில் காய வேண்டும், எது எதன் மேல் ஒட்டப்பட வேண்டும் என்று வரிசை போட்டு வைத்திருப்பேன். அலுவலகத்திலும் நான் அப்படித்தான். அந்தந்த நாளின் வேலையை மாலையில் இரண்டு வரி எழுதி முடிக்காமல் சாப்பிட உட்கார மாட்டேன்.

மலைகளையும் கோட்டைகளையும் வீட்டிலேயே செய்தேன். மீன் பெட்டியின் தெர்மோகோலை வெட்டி அடுக்கி, மேலே பிளாஸ்டர் பூசினால் குன்று. தேங்காய் நாரைக் கத்தரித்துப் பச்சைச் சாயத்தில் முக்கினால் புல். பாக்கு மட்டையின் உட்பக்கத் தோல் கூரை வேய உதவும். ஆட்டத்துக்குத் தேவைப்படாத மலைகளை எடுத்து வைக்க, மேசைக்கு நேர் மேலே, உத்தரத்திலிருந்து கம்பி கட்டித் தொங்கும் பரண் ஒன்றை அமைத்தேன். படை பெருகப் பெருகப் பரணும் நிறைந்தது. பிளாஸ்டர் நல்ல கனம். ஈயக் கலவையில் வார்த்த பழைய யானைகளும் அங்கேதான் பெட்டியில் இருந்தன.

புதிய யானைகள் வந்த அன்று மனைவி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மரம் இழுத்த யானையெல்லாம் இந்த ஊர விட்டே போயிருச்சு. நீங்க மட்டும்தான் புதுசா இறக்கிட்டு இருக்கீங்க" என்றாள்.

எனக்குக் கிடைக்காமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான், மணல். ஒவ்வொரு பொம்மையும் ஒரு சின்ன வட்டத் தட்டின் மேல் நிற்கும். தட்டு வெறும் பிளாஸ்டிக்காக இருந்தால் எவ்வளவு அழகாக வண்ணம் பூசினாலும் அது பொம்மைதான். தட்டில் பசை தடவி, மண் ஒட்டி, மண்ணுக்கு நிறம் கொடுத்தால்தான் அது ஒரு நிலத்தில் நிற்கிற ஆளாகும். எங்கள் தோட்டத்து மண் களி. சலித்தாலும் உருண்டையாகத் திரண்டுவிடும். கட்டட வேலைக்கு வருகிற கல்தூள் இந்த உயரத்து மனிதனுக்குப் பாறாங்கல் போலத் தெரியும். கடற்கரை மணல் பொருந்தும். ஆனால் இங்கே கரையிலிருந்து மணலோ, செத்த பவளத் துண்டோ எடுக்கக் கூடாது. ஒரு கைப்பிடியை யார் கேட்கப் போகிறார்கள் என்று தோழன் சிரிப்பான். நான் எடுக்கவில்லை. செருப்பில் ஒட்டியதைக் கூடக் கரையிலேயே தட்டிவிட்டு வருகிறவன் நான்.

அப்படி இருக்கும்போதுதான் மணல் தானாக வந்தது.

ஒரு காலை மேசையின் மேல், ஆற்றங்கரையில், சின்னக் குவியல் ஒன்று கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். உலர்ந்து, உருண்டு, விரலில் ஒட்டாமல் ஓடியது. கசகசாவைப் போன்ற அளவு, வெளிறிய பழுப்பு நிறம். வண்ணம் பூசும்போது தலையில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மணியும் மற்றதைப் போலவே இருந்தது. எந்தக் கடையிலும் இவ்வளவு சீரான பொடி கிடைக்காது. சரிவுக்குக் கீழே புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து காற்றில் ஏறி, கூரைக்கும் சுவருக்கும் இடையிலிருக்கும் சந்து வழியாக உள்ளே விழுகிறது என்று நினைத்தேன். மெல்லிய தூரிகையால் கூட்டி ஒரு ஜாம் பாட்டிலில் போட்டேன்.

மறுநாளும் அதே இடத்தில் விழுந்திருந்தது. அதற்கடுத்த நாளும்.

வீடு அப்பா கட்டியது. இடுப்பு உயரம் வரை கல்சுவர், அதற்கு மேல் பலகை, மேலே மர உத்தரங்களில் நிற்கும் தகரக் கூரை. இந்தப் பக்கத்தில் பழைய வீடுகள் பலவும் அப்படித்தான். கிடைத்த மரத்தையெல்லாம் போட்டுக் கட்டியிருந்தார். கதவுக்கு ஒரு மரம், உத்தரத்துக்கு இன்னொன்று. தேடிப் பார்த்தபோது வீட்டில் வேறு இடங்களிலும் பொடி விழுவது தெரிந்தது. நடைவழிக் கதவடியில் செம்பழுப்பாக, முன்னறையில் ஜன்னலோரம் கிட்டத்தட்டக் கறுப்பாக. மூன்று நிறத்துக்கும் மூன்று பாட்டில். மேட்டு நிலத்துக்கு வெளிறியது, வயலுக்குச் செம்பழுப்பு, எரிந்த கிராமத்துக்குக் கறுப்பு. ஒட்டிய பிறகு வண்ணம் கூட அடிக்க வேண்டியதில்லை.

மனைவி தினமும் பெருக்குகிறவள். அவளுக்கு இது எரிச்சலாக இருந்தது.

"நேத்து சாயங்காலம்தான் கூட்டினேன். காலைல பாத்தா மறுபடியும் கிடக்கு. எங்கேர்ந்துதான் கொட்டுதோ."

அந்த மூன்று இடங்களையும் விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். ஒரு வேலை குறைந்தது என்று அவளும் விட்டுவிட்டாள். தோழன் ஒரு தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ் மாப்ள என்று சொல்லித் தனக்கும் ஒரு பாட்டில் கேட்டு வாங்கிப் போனான். அவனுடைய குதிரைகள் எல்லாம் என் வீட்டுப் பொடியின் மேல் ஓட ஆரம்பித்தன.

மழைக்காலம் தொடங்கிய பிறகு விழுவது அதிகமானது. ஒரு நாள் நிலம் லேசாக ஆடியது. இங்கே அது அவ்வப்போது நடப்பதுதான், வெளியே வந்து நின்றுவிட்டு உள்ளே போவோம். அன்று அறைக்குத் திரும்பியபோது மேசையில் ஒரு சிப்பாய் கூடச் சாயவில்லை. ஆற்றின் மேல் மட்டும் முழு நீளத்துக்கும் ஒரு கோடு போல வெளிறிய பொடி விழுந்திருந்தது. மேலே உத்தரம் எப்படி ஓடுகிறதோ அதே திசையில் அந்தக் கோடும் ஓடியது. நான் கோட்டைப் பார்த்தேன். மேலே பார்க்கவில்லை. ஒரு பாட்டில் நிறையக் கிடைத்தது என்று அன்று மாலை எழுதி வைத்தேன்.

மழை ஓய்ந்திருக்கும் வேளைகளில் அறையில் ஒரு சத்தமும் கேட்கும். மெல்லிய டிக் டிக். நாம் அசைந்தால் வேகமாகும், அசையாமல் இருந்தால் அடங்கும். பசை காய்கிற சத்தம் என்று தோழன் சொன்னான். தகரம் குளிர்ந்து சுருங்குகிறது என்றேன் நான். அதற்கும் கொஞ்ச நேரம் விவாதித்தோம்.

அப்போதுதான் என் கொழுந்தியாள், மனைவியின் தங்கை, பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவது முடிவானது. அவள் பாராடாங் தீவில் இருக்கிறாள். அவள் கணவருக்கு அங்கே படகு ஜெட்டியில் வேலை. பாராடாங்கிலிருந்து போர்ட் பிளேர் வர வேண்டுமானால் முதலில் வண்டியோடு படகில் ஏறி நீரிணையைக் கடக்க வேண்டும், பிறகு காட்டுக்குள் போகும் சாலையில் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் வரிசையாக விடப்படும் வண்டிகளோடு சேர்ந்து வர வேண்டும். முதல் பிள்ளைக்கு அவளுக்கு நாள் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது. அன்று காற்றும் மழையும். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளைக்கு உயிர் இல்லை. அதற்குப் பிறகு அவள் பல வருடங்கள் இந்தப் பக்கமே வரவில்லை.

இந்த முறை என் மனைவி விட்டுவைக்கவில்லை. நாள் நெருங்குவதற்கு வெகு முன்பே தங்கையைக் கூட்டி வந்துவிட வேண்டும், பிறந்த பிள்ளையோடு அவள் ஆற அமர இருந்துவிட்டுப் போக வேண்டும் என்று போனிலேயே எல்லாம் பேசி முடித்துவிட்டாள். பின்னறைதான் அவளுக்கு. பின்பக்கம் குளியலறை, ஜன்னலுக்கு வெளியே மரநிழல், தெருச் சத்தம் கிடையாது. மேசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கட்டிலைப் போடச் சொன்னாள்.

நான் சரி என்றேன். ஆனால் கப்பலில் வந்த வார்னிஷை அந்த வாரம்தான் அடித்திருந்தேன். மழைக்கால ஈரத்தில் வார்னிஷ் காய்வதற்குள் பொம்மையை அசைத்தால் வெள்ளை பூத்துவிடும், மாதக்கணக்கான வேலை வீணாகும். காயட்டும், எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். கொழுந்தியாள் வந்து இறங்கியபோதும் காயவில்லை. தற்காலிகமாக முன்னறை ஜன்னலோரம் கட்டில் போட்டோம். அவள் முகம் வீங்கியிருந்தது. ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, பதற்றப்பட விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அவள் பேச்சு அதிகம் இல்லாதவள். படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு மாலை, நான் வேலை முடிந்து வந்தபோது, போர்வையிலிருந்து எதையோ தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தான், உங்க வீட்ல மேலேர்ந்து எள்ளு மாதிரி என்னமோ விழுது" என்றாள்.

தட்டிவிடாதே, எனக்கு வேண்டும் என்று சொல்லிக் கூட்டி எடுத்துக்கொண்டேன். அவள் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்தது அன்றுதான்.

சனிக்கிழமை காலை. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வார்னிஷ் ஒருவழியாகக் காய்ந்திருந்தது, மேசையை அன்று பிரித்துவிடுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தேன். உதவிக்குத் தோழன் மதியம் வருவதாக இருந்தது. கடைசியாக ஒரு தடவை எல்லாப் படையும் அணிவகுத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். போன் ஒலித்துக்கொண்டே இருந்தது. தோழன் முந்தின நாள் தன் குதிரைகளை மிக அருகில் படமெடுத்து, இதே பொழுதுபோக்கில் இருக்கும் மெயின்லேண்ட்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். அதற்குத்தான் பதில்கள். சூப்பர் என்று ஒருவர். இது எந்த பிராண்டு, எங்கே வாங்கினீர்கள் என்று இன்னொருவர். கடையில் கிடைக்காது, என் நண்பர் வீட்டில் தானாக விழுகிறது, மூன்று கலரில் இருக்கிறது என்று தோழன் பெருமையாக எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஒருவர் படத்தை இன்னும் பெரிதாக்கி, ஒரு மணியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். குழுவில் அதற்கு முன் பேசாதவர். எந்த ஊர் என்று கூட எனக்குத் தெரியாது.

"இது மணல் இல்ல சார். ஒவ்வொண்ணுக்கும் ஆறு பக்கம் இருக்கு பாருங்க. மரத்துக்குள்ளயே இருக்கிற கரையானோட எச்சம். உங்க நண்பரைத் தலைக்கு மேல பார்க்கச் சொல்லுங்க."

மேலே பார்த்தேன்.

உத்தரம் எப்போதும் போலத்தான் இருந்தது. அப்பா அடித்த பச்சை வண்ணம், பரணைத் தாங்கும் கம்பிகள். எழுந்து ஸ்டூலின் மேல் ஏறினேன். பூதக்கண்ணாடியைத் தலையில் மாட்டி இறக்கிப் பார்த்தபோது உத்தரத்தின் அடிப்பக்கத்தில், குண்டூசி போன துளைகள் நீளத்துக்கும் தெரிந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துளையிலிருந்து ஒரு மணி வெளியே வந்து, விளிம்பில் நின்று, விழுந்தது. சட்டைப் பையிலிருந்த சின்னத் திருப்புளியை அந்த இடத்தில் வைத்தேன். அழுத்தவில்லை, வைத்தேன். கைப்பிடி வரை உள்ளே போனது. பச்சை வண்ணமும் அதற்குப் பின்னால் காகிதம் போல ஒரு பட்டையும்தான் உத்தரம். உள்ளே டிக் டிக் என்ற சத்தம் வேகமாயிற்று.

கம்பிகளைத் தொடாமல் இறங்கினேன். பரண் என் தலைக்கு மேல், எல்லா மலைகளோடும் இருந்தது.

சமையலறைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்று அறையைப் பார்த்தாள். நல்ல வேளை தங்கச்சியை இங்கே படுக்க வைக்கவில்லை என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அலமாரியில் வரிசையாக இருந்த மூன்று பாட்டில்கள் என் கண்ணில் பட்டன. நிறம் வேறு வேறு என்றால் அவை தின்கிற மரமும் வேறு வேறு. பின்னறை ஒன்று, நடைவழிக் கதவு ஒன்று. கறுப்பு விழுவது முன்னறை ஜன்னலோரம். கொழுந்தியாளின் கட்டில் அங்கேதான் கிடந்தது. முந்தின நாள் அவள் போர்வையிலிருந்து நான் கூட்டி எடுத்தது அதுதான்.

"எந்திரிச்சு வரச் சொல்லு அவளை" என்றேன்.

அவள் எழுந்து வந்து வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். மழைச் சாரல் காலில் அடித்தது. நடந்ததைச் சொன்னோம். தோழனுக்கு போன் செய்தேன்; டெலானிபூரில் அவன் வீட்டு மாடி காங்கிரீட், ஒரு அறை காலியாகத்தான் இருக்கிறது, இப்போதே வண்டியோடு வருகிறேன் என்றான். மனைவி பையை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். கொழுந்தியாள் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரல அக்கா."

மனைவி அதட்டினாள், கெஞ்சினாள். இரண்டுக்கும் அவள் அசையவில்லை. என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"போன தடவையும் இப்படித்தான் அத்தான். மழ பெய்யுது, வண்டில ஏறு, ஒண்ணும் ஆகாதுன்னாங்க. ஏறினேன். இந்தத் தடவ ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் வண்டி ஏறுவேன். கூர விழுந்தா விழட்டும்."

டெலானிபூர் வெகு தூரமில்லை. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். தூரம் அவளுக்குப் பொருட்டாக இல்லை. உதடு வெளுத்து, மூச்சு மேலும் கீழும் வாங்கியது. பதற்றப்பட விடாதீர்கள் என்று சொன்னது நினைவுக்கு வந்து மனைவி பையைக் கீழே வைத்துவிட்டாள்.

தோழன் வேனில் வந்தபோது, கடையிலிருந்த இரும்பு ஜாக்கிகளையும் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். காங்கிரீட் தளம் போடும்போது முட்டுக் கொடுக்கும் குழாய்கள் அவை, திருகினால் உயரம் கூடும். பெரும்பாலானவை வாடகைக்குப் போயிருந்ததால் கையில் இருந்தது நான்குதான். ஒரு அறைக்குத்தான் காணும். அவன் என்னைப் பார்த்தான். பின்னறையில் எங்கள் இரண்டு பேரின் பல வருட வேலை இருக்கிறது என்று அவனுக்கும் தெரியும்.

"மாப்ள, நான் ஒரு நிமிஷம் உள்ள போய் மேசையோட இழுத்துர்றேன். நீ வாசல்ல பிடிச்சுக்க."

வேண்டாம் என்றேன். அந்த அறைக்குள் யாரும் போக வேண்டாம். நான்கையும் முன்னறையில் நிறுத்தினோம். உத்தரத்துக்குக் கீழே பலகை கொடுத்து, குழாயை நிமிர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினோம். ஒவ்வொரு திருகலுக்கும் மேலிருந்து கறுப்புப் பொடி எங்கள் தலையில் கொட்டியது. ஒரு இடத்தில் பலகையே உத்தரத்துக்குள் அழுந்தியது. திருகுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். மேற்கொண்டு அழுந்தவில்லை. கட்டிலை நான்கு குழாய்களுக்கு நடுவில், சுவரை விட்டுத் தள்ளிப் போட்டோம். அவள் வந்து படுத்தாள். கை நீட்டினால் எந்தப் பக்கமும் இரும்பைத் தொடலாம். அவள் ஒரு குழாயைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள்.

பின்னறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். தோழன் போகவில்லை. நாங்கள் மூவரும் முன்னறையிலேயே இருந்தோம். மழை தகரத்தில் அடிக்கிற சத்தத்துக்கு நடுவே வேறு ஏதாவது கேட்கிறதா என்று ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல் கவனித்துக்கொண்டிருந்தோம். மழை கொஞ்சம் தணியும்போதெல்லாம் தோழன் அண்ணாந்து பார்ப்பான். பார்த்துவிட்டு எங்களைப் பார்ப்பான். கனமான தூக்கத்தில் இருப்பவரின் மூச்சைப் போல, வீடு சில சமயம் முனகியது. முன்பும் முனகியிருக்க வேண்டும்.

சாயங்காலம் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள் மனைவி. கொழுந்தியாள் எழுந்து உட்கார்ந்து டம்ளரை வாங்கினாள். அப்போது பின்னறையில் அது விழுந்தது. பெரிய சத்தம் இல்லை. ஈர மரம் முறிகிற சத்தம் கூட இல்லை. மூட்டை ஒன்றை இறக்கி வைத்தது போல ஒரு அமுங்கிய ஓசை, அதன் பிறகு தகரம் சரிந்து உரசுகிற சத்தம், அதற்குப் பின் கதவின் கீழ்ச் சந்து வழியாக நடைவழியில் தூசியோடு காற்று வந்தது. முன்னறைக் குழாய்கள் நான்கும் ஒருமுறை கிண்ணென்றன.

தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் தள்ளினேன். பாதிதான் திறந்தது. உத்தரம் நடுவில் முறியாமல், முழுதாகச் சிதைந்து கிடந்தது. பரணும் மலைகளும் அதற்குக் கீழே இருந்தன. மேசை தரையோடு படிந்திருந்தது. கூரை பிளந்த இடத்தில் மழை நேராக உள்ளே பெய்தது. கட்டில் எந்த இடத்தில் போடப்பட்டிருக்கும் என்று எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும், அளந்து வைத்திருந்தேன். அந்த இடத்தில்தான் எல்லாம் கிடந்தன. வார்னிஷ் முன்பே காய்ந்திருந்தால் அவள் அங்கே படுத்திருப்பாள். பிளாஸ்டர் துண்டுகளுக்கு இடையில் ஒரு யானையின் கால் மட்டும் தெரிந்தது. நான் அதை எடுக்கவில்லை.

திரும்பியபோது கொழுந்தியாள் எனக்குப் பின்னால் நின்றாள். எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. கதவிடுக்கில் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முன்னறைக்குப் போய், மனைவி பாதி அடுக்கியிருந்த பையின் ஜிப்பை அவளே இழுத்து மூடினாள்.

"போலாம் அக்கா" என்றாள்.

குடை பிடித்து அவளை வேனில் ஏற்றினோம். அவள் முன் இருக்கையில், இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்தபடி, வழி முழுக்கக் கண்களைத் திறக்காமல் வந்தாள். தோழன் சைக்கிளை விட மெதுவாக ஓட்டினான். பின்னால் ஹாரன் அடித்தவர்கள் யாருக்கும் அவன் வழிவிடவில்லை. அவன் மனைவி மாடியில் படுக்கை விரித்துத் தயாராக இருந்தாள்.

அந்த வாரத்திலேயே வலி எடுத்தது. மறுபடியும் மழைதான். அங்கிருந்து ஆஸ்பத்திரி பக்கம். பெண் குழந்தை. எடை கொஞ்சம் குறைவு, அழுகை நன்றாக இருந்தது. தாயின் ரத்த அழுத்தம் இறங்க நாளாயிற்று. அதுவரை அங்கேயே வைத்திருந்தார்கள். அதற்குள் டெலானிபூரிலேயே, தோழன் வீட்டுக்குப் பக்கத்தில், வாடகைக்கு ஒரு வீடு பிடித்தேன். தரைதளம், மேலே காங்கிரீட், கதவும் ஜன்னலும் இரும்பு. நான்கு சுவரையும் மேல்தளத்தையும் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தேன். வீட்டுக்காரர் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பார். கராச்சர்மா வீட்டின் மரம் முழுவதையும் இறக்கி எரித்துவிட வேண்டும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தோழன் தன் குதிரைகளை அலமாரியிலிருந்து எடுத்து, தட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தான். அந்தப் பொடியால் எதுவும் ஆகாது, அதில் உயிர் கிடையாது என்று குழுவில் எல்லாரும் எழுதியும் அவன் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் பிள்ளையையும் வாடகை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மனைவி ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தாள். அறையில் தொட்டில் கட்டியிருந்தோம், மேல்தளத்தில் பதித்த இரும்பு வளையத்திலிருந்து. கொழுந்தியாள் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். இது காங்கிரீட் அம்மா என்று மனைவி சொன்னாள். கொழுந்தியாள் என்னிடம் திரும்பி, வெள்ளை வேட்டி ஒன்று இருக்கிறதா அத்தான் என்று கேட்டாள். சலவை செய்த வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். தொட்டிலுக்குக் கீழே தரையில் சுருக்கமில்லாமல் விரிக்கச் சொன்னாள். விரித்தேன். மூலைகளை நான்தான் இழுத்து நேராக்கினேன். அன்று முழுவதும் பிள்ளையை அவள் மடியிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் காலை இருவரும் குனிந்து பார்த்தோம். வேட்டியில் ஒன்றும் இல்லை. நான் கண்ணாடி மாட்டிக்கொண்டும் பார்த்தேன், இல்லை. தொட்டிலில் போடலாமே என்றேன்.

"இன்னும் ஒரு நாள் பாக்கலாம் அத்தான்" என்றாள்.